ஓவர்ஹெட் கடிதத்துக்காகப் பட்ட பாடு

கிடைத்துவிட்டது. புரோஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக நான் கேட்டிருந்த கிராண்ட் கிடைத்துவிட்டது. வருடத்துக்கு 75,000 டாலர் வீதம் மூன்று வருடம், மொத்தம் 2,25,000 டாலர். மின்னஞ்சலைப் படித்ததும் முதல் போன் ஊருக்கு, பெரியப்பாவுக்குத்தான் போட்டேன். அங்கே விடியக்காலம் நாலரை மணி. பதறிப்போய் எடுத்தார். அவருக்கு ஏன் முதலில் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

புரோஸ்டேட் கேன்சர் ஃபவுண்டேஷன் இளம் ஆய்வாளர்களுக்குக் கொடுக்கிற கிராண்ட் இது. 2007-லிருந்து கொடுத்து வருகிறார்கள். எப்படி விண்ணப்பித்தேன், என்ன எழுதினேன் என்று அமெரிக்காவில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி, செய்கிற தம்பி தங்கைகள் பல பேர் கேட்டுவிட்டார்கள். அறிவியல் பகுதியை எழுத உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் மாட்டிக்கொண்டது அங்கே இல்லை. ஒரே ஒரு தாள் கையில் இல்லாததால் எனக்கு முழுதாக ஒரு வருடம் போனது. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. உங்களில் ஒருவருக்காவது அது நடக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதல் முறை நடந்தது இது. கடைசித் தேதி ஒரு திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி. நான் எல்லாவற்றையும் முடித்து வெள்ளிக்கிழமை காலை எங்கள் பல்கலைக்கழகத்தின் கிராண்ட் அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஐந்து வேலை நாளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. தப்பு என்னுடையதுதான். நேரில் போய்க் கெஞ்சிக் கேட்டு, பார்க்கிறேன் என்று சொல்லவைத்துவிட்டேன். ஆனால் அங்கிருந்த அம்மா பட்ஜெட் தாளைத் திறந்ததும் நிறுத்திவிட்டார். ஓவர்ஹெட், அதாவது பல்கலைக்கழகத்தின் நிர்வாகச் செலவுக்கான பங்கு, என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டிருந்தேன்.

"இதில் பூஜ்யம் போட முடியாது."

"அறக்கட்டளை ஓவர்ஹெட் கொடுக்காது மேடம், அவர்கள் விதியிலேயே இருக்கிறது."

"அது அவர்கள் விதி. எங்கள் சிஸ்டம் ஏற்காது. டீன் கையெழுத்துப் போட்ட விலக்குக் கடிதம் வேண்டும்."

அப்படி ஒரு கடிதம் உண்டு என்று அந்த நிமிடம்தான் கேள்விப்படுகிறேன். என் வழிகாட்டிக்கும் தெரியவில்லை. அவர் இருபது வருடமாக அரசுப் பணத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். அங்கே ஓவர்ஹெட் தானாக வந்துவிடும். அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்.ஐ.ஹெச்.சின் கிராண்ட் என்றால் ஆய்வாளர் கேட்கிற தொகைக்கு மேல் கட்டடம், மின்சாரம், கணக்கு அலுவலகம் என்று பல்கலைக்கழகத்துக்குத் தனியாக ஒரு பங்கு போகும். பல இடங்களில் அது ஐம்பது சதவீதத்துக்கும் மேல். இந்த அறக்கட்டளை அந்தப் பங்கைக் கொடுப்பதில்லை. நன்கொடையாக வந்த பணம் ஆராய்ச்சிக்கே போகட்டும் என்பது அவர்கள் நிலை. நியாயம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அதன் விளைவு என்ன தெரியுமா? உங்கள் கிராண்டால் பல்கலைக்கழகத்துக்கு நேரடி வரவு ஒன்றுமில்லை. அதனால் உங்கள் ஃபைலை வேகமாக நகர்த்த அங்கே யாருக்கும் அவசரம் இருக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள்.

டீன் அலுவலகம் இன்னொரு கேம்பஸில் இருக்கிறது. ஷட்டில் பஸ்ஸில் நாற்பது நிமிடம். அன்றைக்குப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. போய்ச் சேரும்போது மூன்றேகால். உதவியாளர் வெள்ளிக்கிழமைகளில் மூன்று மணிக்கே கிளம்பிவிடுவார் என்று பக்கத்து அறைப் பெண் சொன்னார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருந்தேன். திங்கட்கிழமை காலையிலேயே போய் உட்கார்ந்தேன். டீன் மீட்டிங்கில் இருந்தார். கையெழுத்து விழும்போது மணி 5.20. அரைப் பக்கக் கடிதம், மொத்தம் நான்கு வரி. அதைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றேன். விண்ணப்பத் தளம் மூடி இருபது நிமிடம் ஆகியிருந்தது.

இந்த விருதுக்குப் படிப்பு முடித்து இத்தனை வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற வரம்பு இருக்கிறது. அந்த நான்கு வரியால் என் கணக்கில் ஒரு வருடம் கழிந்தது. வழிகாட்டி தன் பணத்திலிருந்து சம்பளம் கொடுத்துத் தாங்கிப் பிடித்தார். அவர் இல்லையென்றால் மூட்டை கட்டியிருப்பேன்.

அப்படியானால் இந்தக் கிராண்ட்டையே ஏன் விடாமல் துரத்தினாய் என்று மனைவி கேட்டாள். இரண்டு காரணம். ஒன்று, விசாவில் இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு வழிகள் குறைவு. என்.ஐ.ஹெச்.சின் பயிற்சி கிராண்ட்களில் பெரும்பாலானவை குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும்தான். கே99 போன்ற ஒன்றிரண்டுதான் விதிவிலக்கு. இந்த அறக்கட்டளை அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிற ஆய்வாளர்களுக்கும் பணம் தருகிறது. இரண்டாவது, இது பிறந்த விதம். மைக்கேல் மில்கன் என்ற நிதித்துறை மனிதருக்கு 1993-ல், 46 வயதில், முற்றிய நிலையில் புரோஸ்டேட் புற்றுநோய் என்று தெரியவந்தது. அதே வருடம் இதைத் தொடங்கினார். அப்போது பெயர் கேப் கியூர். ஆராய்ச்சியாளர்கள் நேரமெல்லாம் விண்ணப்பம் எழுதுவதிலேயே போகிறது என்று பார்த்து, விண்ணப்பம் 5 பக்கத்துக்குள், பணம் 90 நாளுக்குள் என்று வைத்தார்கள். என்.ஐ.ஹெச்.சில் ஆராய்ச்சித் திட்டம் மட்டுமே 12 பக்கம் எழுதி, ஒன்பது மாதம், சில சமயம் அதற்கும் மேலே காத்திருக்கிறோம். அங்கே சொந்தமாக முதல் பெரிய கிராண்ட் வாங்குவதற்குள் சராசரி ஆளுக்கு நாற்பது வயது தாண்டிவிடுகிறது. இவர்கள் அதற்கு முன்பே ஆளை நம்பிப் பணம் போடுகிறார்கள்.

அந்தப் பணம் வருகிற வழியையும் ஒருமுறை நேரில் பார்த்தேன். தந்தையர் தினத்தன்று பேஸ்பால் ஆட்டம் பார்க்க நண்பர் கூட்டிப்போனார். வீரர்கள் எல்லோரும் நீல ரிப்பன் குத்தியிருந்தார்கள். 1996-லிருந்து நடக்கிற ஏற்பாடாம். அடிக்கிற ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் இத்தனை டாலர் என்று ரசிகர்கள் இந்த அறக்கட்டளைக்கு வாக்குக் கொடுப்பார்கள். முன்வரிசையில் ஒரு தாத்தாவும் பேரனும். பந்து வேலியைத் தாண்டியபோது பேரன் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். லேபில் செல் வளர்க்க உதவுகிற மேட்ரிஜெல் கூழ் வாங்குகிற காசு இப்படித்தான் வருகிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இரண்டாவது முறை, விதிமுறை அறிவிப்பு வந்த அன்றே அதில் ஓவர்ஹெட் பற்றிய வரியை அச்செடுத்து, மஞ்சள் மையால் கோடு போட்டு, டீன் அலுவலகத்துக்குக் கொண்டு போனேன். பதினோரு நாளில் கடிதம் வந்தது. இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். தலைப்பு முடிவாகாவிட்டாலும் பரவாயில்லை, கடிதத்தில் தலைப்பு கேட்கமாட்டார்கள்.

அதோடு முடியவில்லை. நோயாளிகளின் பயாப்சித் திசு எனக்கு வேறொரு மருத்துவமனையிலிருந்து வருகிறது. அதற்கு இரண்டு தாள் வேண்டும்: நெறிமுறைக் குழுவின் அனுமதி, இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே திசுப் பரிமாற்ற ஒப்பந்தம். அனுமதிக் கடிதம் லேப் ஃபைலில் இருந்தது, எடுத்து இணைத்துவிட்டேன். தற்செயலாக ஒரு ராத்திரி பார்த்தால், அது காலாவதியாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. புதுப்பித்த கடிதம் வேறு யாருடைய இன்பாக்ஸிலோ தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கடிதம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். ஒப்பந்தம் இன்னும் மோசம். இரண்டு பக்க வக்கீல்களும் ஒரே பத்தியை மாற்றி மாற்றித் திருத்தி நான்கு மாதம் ஓட்டினார்கள். கடைசியில் நான் இரண்டு பேரையும் ஒரே அழைப்பில் பேசவைத்தேன். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. மின்னஞ்சல் சங்கிலி மூன்றைத் தாண்டினால் போனை எடுங்கள்.

வழிகாட்டியின் கடிதம், பயோஸ்கெட்ச், பட்ஜெட் எல்லாம் வழக்கம்போல.

என்னை ரொம்ப அலைக்கழித்தது பொதுமக்களுக்கான சுருக்கம். பணம் கொடுப்பவர்களும் நோயாளிகளும் படிக்கிற பகுதி அது. நான் பார்ப்பது, செல் ஆண் ஹார்மோனை வாங்கிக்கொள்கிற ஆண்ட்ரோஜன் ஏற்பி வழியை அடைத்தால் சில கட்டிகள் ஏன் வேறு வகைச் செல்லாகவே மாறித் தப்பிக்கின்றன என்பதை. ஆர்பி1, பி53 என்ற இரண்டு மரபணுக்கள் போய்விட்டால் அந்த மாற்றம் எளிதாகிறது என்று 2017-ல் வந்த ஆய்வுகள் காட்டின. இதை எழுதி வைத்து நான்கு பேரிடம் காட்டினேன். நான்கு பேருக்கும் புரியவில்லை. ஐந்தாவதாகப் பெரியப்பாவுக்குத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். அவர் திருநெல்வேலியில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவருக்கும் இதே புற்றுநோய்தான், இரண்டு வருடமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறார். நான் ஏற்பி, மரபணு என்று கால்மணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஏலே, ஊசி போட்டா பி.எஸ்.ஏ. கொறையுதுன்னு டாக்டரு சொல்லுதாரு. சரி. கொறஞ்சது எதுக்குலே திரும்ப ஏறுது? அதைச் சொல்லு."

பி.எஸ்.ஏ. என்பது இந்தப் புற்றுநோயின் போக்கைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை அளவு. அவருக்கு அந்த மாதம்தான் அது ஏற ஆரம்பித்திருந்தது. எனக்குச் சொல்லவே இல்லை, பெரியம்மா சொல்லித்தான் தெரியும்.

நான் அவருடைய கேள்வியையே ஆங்கிலத்தில் முதல் வரியாக வைத்தேன். பிறகு எல்லாம் தானாக வந்தது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்தால் இந்தப் புற்றுநோய் அடங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டியது 1941-ல். 1966-ல் அதற்காக நோபல் பரிசும் வாங்கினார். 2011-ல் அபிரட்டரோன், 2012-ல் என்சாலுட்டமைடு என்று அனுமதி பெற்ற மருந்துகளும் அதே வாசலைத்தான் இன்னும் இறுக்கமாகச் சாத்துகின்றன. சாத்திய வாசலை விட்டுச் செல் வேறு வழியாக வெளியே வருகிறது. அந்த வழி எது என்பதுதான் என் ஆராய்ச்சி. ஒரு பக்கம் போதும். மதிப்பீட்டாளர்களில் ஒருவர் அந்தச் சுருக்கத்தைத் தனியாகப் பாராட்டியிருந்தார். பெரியப்பாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன்.

கடைசித் தேதிக்கு ஆறு வேலை நாள் முன்னால் கிராண்ட் அலுவலகத்துக்கு அனுப்பினேன். அதே அம்மா, ஓவர்ஹெட் கட்டத்தைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், அனுப்பு பட்டனை அழுத்தினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கிராண்ட் கிடைத்த பின் இரண்டு விஷயம். இந்த விருதின் தலைப்பிலேயே பணம் கொடுத்தவரின் பெயர் சேர்ந்து வரும். என்னுடையதில் ஒரு குடும்பத்தின் பெயர். இனி என் ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையின் அடியிலும் அவர்களுக்கு நன்றி இருக்கும். மற்றொன்று, ஒவ்வொரு வருடமும் நடக்கிற அவர்களுடைய அறிவியல் கூட்டம். இன்னும் வெளியிடாத முடிவுகளைக்கூட அங்கே கொண்டுவந்து காட்டுவது பழைய காலத்திலிருந்தே வழக்கம். ஒளித்து வைத்துக்கொள்கிற பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். சேர்ந்து செய்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது: புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுகிற ஸ்டாண்ட் அப் டு கேன்சர் அமைப்போடு சேர்ந்து 2012-ல் ஒரு கோடி டாலரில் ஒரு கூட்டு அணி அமைத்தார்கள். தலைவர்கள் சார்லஸ் சாயர்ஸ், அருள் சின்னையன். அந்த இரண்டாவது பெயரைப் பார்த்தபோது போஸ்ட்டாக் முதல் வருடத்தில் எனக்கு வந்த தெம்பு கொஞ்சநஞ்சமல்ல. 2016-ல் வந்த ஒரு ஆய்வில் அந்த அணியின் நோயாளிகளும் சேர்ந்திருந்தார்கள். பரவிய நிலையில் இருந்த 692 பேரைப் பார்த்ததில் 82 பேருக்கு, டி.என்.ஏ. பழுது பார்க்கிற மரபணுக்களில் பிறவியிலேயே கோளாறு இருந்தது. பரவிய நோய் உள்ளவர்களுக்கு இன்றைக்கு மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்வதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பெரியப்பாவின் டாக்டரிடம் நான் கேட்டு, அவருக்கும் எடுத்தாயிற்று. அவருக்கு அந்தக் கோளாறு இல்லை என்று வந்தது.

பணம் வந்துவிட்டது என்று நினைத்து உடனே ஆர்டர் போடாதீர்கள். பல்கலைக்கழகம் கணக்கு எண் திறக்க எனக்கு நான்கு வாரம் எடுத்தது. அதற்குள் வாங்கினால் திருப்பி எழுத வேறு படிவம். நேற்றுத்தான் எண் வந்தது. இன்றைக்கு முதல் மேட்ரிஜெல் குப்பியை ஐஸில் வைத்துக் கரைத்து, பெரியப்பா வயதுள்ள ஒருவரின் கட்டிச் செல்களை அதில் கலந்து தட்டில் சொட்டுச் சொட்டாக வைத்தேன். ஐஸை விட்டு வெளியே எடுத்தால் இறுகிவிடும், கை வேகமாகப் போக வேண்டும். ஒரு வாரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் வெந்த ஜவ்வரிசி மாதிரி மணி மணியாகத் தெரிய ஆரம்பிக்கும்.

ஓவர்ஹெட் விலக்குக் கடிதத்தின் மாதிரி என்னிடம் இருக்கிறது. நான்கு வரிதான். பெயரையும் பல்கலைக்கழகத்தையும் எடுத்துவிட்டு வைத்திருக்கிறேன். யாருக்கு வேண்டுமோ கேளுங்கள், அன்றைக்கே அனுப்புகிறேன்.