சிவப்புச் சட்டையும் கறுப்புத் தொப்பியும்

நேற்று ராத்திரி 'செமான்டிக் எரர்' மறுபடியும் பார்த்தேன். 2022இல் வாட்சா என்ற ஓடிடி தளத்தில் வந்த கொரியத் தொடர், இரண்டு ஆண்களின் காதல் கதை. எட்டே எபிசோடுதான், ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

சாங்வூ கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவன். குழு ப்ராஜெக்டில் வேலையே செய்யாதவர்களின் பெயரை எடுத்துவிடுகிறான். அதில் டிசைன் படிக்கும் சீனியர் ஜேயோங்குக்குப் பட்டம் தள்ளிப்போகிறது. அப்புறம் ஆரம்பிக்கிறது ரகளை. சாங்வூவுக்குச் சிவப்பு ஆகாது என்று தெரிந்ததும் ஜேயோங் சிவப்பு உடுத்திக்கொண்டு வந்து பக்கத்திலேயே உட்காருகிறான். வம்புக்கு இழுக்கத்தான் வருகிறான். ஆனால் அவன் வராமல் போனதும் சாங்வூவுக்கு நிம்மதி போய்விடுகிறது!

கறுப்புத் தொப்பியை நெற்றிவரை இறக்கிவிட்டுக்கொண்டு, எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்க்கிற அந்தச் சாங்வூவாக ஜேசான் அவ்வளவு அழகாக நடித்திருக்கிறார். முகத்தில் பெரிதாக எதுவும் மாறாது, கண் மட்டும் தடுமாறும். எனக்கு அங்கேயே மனசு கரைந்துவிட்டது. ஜேயோங்காக வரும் பார்க் சோஹாம் தொடர் முடிகிற சமயத்திலேயே ராணுவ சேவைக்குப் போய்விட்டார்.

இரண்டு ஆண்களின் காதல் என்றாலே யாராவது சாக வேண்டும் என்றில்லாமல், சண்டை, கோபம், வெட்கம் என்று சாதாரணக் காதலாகவே போகிறது. அதற்காகவே இன்று ராத்திரி இன்னொரு தடவை பார்க்கப்போகிறேன்.