டிரோன் வச்சு காத்து அளக்கறது: ஒருவழியா திசை சரியா வந்துடுச்சு

நார்வேல டிரோம்சோ பக்கத்துல, ராம்ஃபியோர்ட்ங்கற கடல் கழி கரையில டிரோனை ஏத்தி எடுத்த லாக்கை (பறந்தப்ப பதிவான டேட்டா) நேத்து ராத்திரி பிளாட் போட்டுப் பார்த்தேன், அவ்ளோ சுத்தமா வந்திருக்கு! ஃபியோர்ட் உறைஞ்சு கெடக்கு, தரையில தூள்பனி கூட அசையல, ஆனா 40 மீட்டர்ல செகண்டுக்கு 7 மீட்டர் காத்து, 100 கிட்ட போனா மறுபடி கொறையுது. உள்நாட்டுக் குளிர்காத்து கனமா பள்ளத்தாக்கு வழியா கடலுக்கு வடியுதில்ல, அந்த லேயரேதான்.

வேகம் எடுக்கறது ஈஸி, ஒரே எடத்துல நிக்க டிரோன் எவ்ளோ சாயுதுன்னு பாத்தா போதும். கோடையில எடுத்த கேலிப்ரேஷனை (எவ்ளோ சாய்வுக்கு எவ்ளோ வேகம்ங்கற கணக்கு) மட்டும் அப்படியே போட்றாதீங்க, மைனஸ் 20ல காத்தோட அடர்த்தி கன மீட்டருக்கு 1.4 கிலோ, 15 டிகிரில 1.225 தான், திருத்தலன்னா வேகத்தை 6-7 சதவீதம் கூட்டிக் காட்டும்.

காத்தோட திசைதான் உயிரை வாங்குச்சு, டிரோன் எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரிஞ்சாலும் மூக்கு எந்தத் திசையைப் பாக்குதுன்னு காம்பஸ்தான் சொல்லணும். இங்க பூமியோட காந்தப்புலம் 78 டிகிரி கிட்ட கீழ பாத்து சாஞ்சிருக்கு, காம்பஸுக்கு கிடைமட்டமா மிஞ்சறது அஞ்சுல ஒரு பங்குதான். காத்து கூடக்கூட மோட்டார் கரண்ட் ஏறும், அதோட காந்தப்புலம் காம்பஸை இழுக்கும், ஹெடிங் (மூக்கு பாக்கற திசை) நகரும், ஆனா உயரம் போகப்போக காத்தும் நெஜமாவே திரும்பும், எது எதுன்னு எப்படிப் பிரிக்கறது? அதனால ஒரே உயரத்துல நிறுத்தி மூக்கை 90 டிகிரி 90 டிகிரியா சுத்த விட்டேன், காத்து திசை மாறவே கூடாது, ஆனா 30 டிகிரிக்கு மேல மாறுச்சு. காம்பஸ்மாட் (மோட்டார் கரண்டால வர்ற காம்பஸ் பிழையைக் கழிக்கற கேலிப்ரேஷன்) பண்ணியும், கம்பு நட்டு காம்பஸை தூக்கி வச்சும் பாதிதான் கொறஞ்சுது. கடைசில ரெண்டு எஃப்9பி ஜிபிஎஸ் ரிசீவர் போட்டு, ஆன்டெனாக்களை அரை மீட்டர் தள்ளி கார்பன் ட்யூப்ல மாட்டி, யா சோர்ஸை (மூக்கு திசையை எதுலேர்ந்து எடுக்கணும்ங்கற செட்டிங்) காம்பஸ்லேர்ந்து ஜிபிஎஸ்ஸுக்கு மாத்திட்டேன். இப்ப நாலு பக்கமும் சுத்தினாலும் 5 டிகிரிக்குள்ள நிக்குது, என்னா நிம்மதி!

ஆன்டெனா கேபிள் வாங்கறவங்க சிலிக்கான் உறை போட்டதா கேட்டு வாங்குங்க, சாதா பிவிசி இந்தக் குளிர்ல கம்பியாட்டம் வெறச்சுப்போய் கனெக்டரையே பேத்துடுது.

பெர்கன் பல்கலைக்கழகத்தோட சூமோ குட்டி விமானம் வட்டமடிச்சுக்கிட்டே ஏறி, கிரவுண்ட் ஸ்பீடு மாறறத வச்சே காத்தைக் கணக்கு போடும், ஸ்வால்பார்ட்ல எல்லாம் பறந்திருக்கு. அதே மாதிரி ஒரு ஃபோம் விங் பண்ணணும்னு ஆசை, பாகம்லாம் பாதி வந்தாச்சு. அதுக்கு முன்னாடி ப்ராப் ஐஸிங்க (ப்ரொப்பெல்லர்ல ஐஸ் பிடிக்கறது) பாக்கணும், உறையாத தண்ணி மேல ஆவி கெளம்பற நாள்ல ப்ளேடோட முன்விளிம்புல சொரசொரன்னு ஐஸ் பிடிக்குது. த்ராட்டில் ஏறற வேகத்த வச்சே கண்டுபிடிச்சு எறக்கிடலாமான்னு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிட்டிருக்கேன்.