உறைகுளிரில் ஒரு திரவ அன்டெனா

சனவரி 5, 2025, நுவரெலியா

பிதுருதலாகலையின் 2524 மீற்றர் உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் நின்றாலும், மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் தோட்டங்களில் கைத்தொலைபேசி ஒரு திருப்பத்தில் ஒரு மீடிறனையும் (அதிர்வெண்ணையும்) அடுத்த திருப்பத்தில் வேறொன்றையும் பிடித்துத் தடுமாறுவது இங்குள்ளோருக்குப் பழகிய விடயம். ஓர் அன்டெனா எந்த மீடிறனில் நன்கு கதிர்வீசும் என்பதை முதன்மையாக அதன் நீளமே தீர்மானிக்கிறது. கால் அலைநீளக் கம்பி 900 மெகாஹேர்ட்ஸுக்கு ஏறத்தாழ 8.3 சென்ரிமீற்றரும், 1800க்கு அதில் பாதியும் இருக்க வேண்டும். செப்புக் கம்பியை நினைத்த நேரத்தில் நீட்டவோ குறுக்கவோ இயலாது. ஆதலால் பொறியியலாளர்கள் இருவாயிகளையும் (டயோட்டுகளையும்) மாறும் கொள்ளளவிகளையும் இணைத்து, மின் நீளத்தை, அதாவது அலைக்குத் தோன்றும் நீளத்தை, மட்டும் மாற்றுகின்றனர். அவை மிக வேகமானவை, ஆனால் சக்தியில் ஒரு பங்கை விழுங்குவதோடு வலிமையான சைகையில் திரிபையும் உண்டாக்குகின்றன. உலோகமே ஓடக்கூடியதாக இருந்தால் உண்மையான நீளத்தையே மாற்றிவிடலாம்.

சனவரி 8

பல்கலைக்கழக நண்பர் ஒருவர், அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் எனக் கட்டுரைகள் சொல்லும், கல்லியம், இந்தியம் என்னும் உலோகங்கள் சேர்ந்த கலப்புலோகத்தைச் சிறு குப்பியில் அனுப்பியிருந்தார். நிறைப்படி முக்கால் பங்கு கல்லியம். குப்பியைக் கண்ட அண்ணன், "பாதரசத்தக் கையில எடுக்காத தம்பி" என்று எச்சரித்தார். அவர் அஞ்சிய நச்சு ஆவி இதில் இல்லை; இரசத்தை விட்டு ஆய்வாளர்கள் இதற்கு மாறியமைக்கு அதுவே முதற்காரணம். காற்றுப் பட்டவுடன், பாலின் மேல் ஆடை படர்வதுபோல், சில நனோமீற்றர் தடிப்பில் ஒட்சைட்டுத் தோல் இதை மூடிக்கொள்கிறது. அத்தோல் நீங்கினால் பரப்பிழுவிசை நீரினதைவிட எட்டு மடங்குக்கு மேலாகி உலோகம் உருண்டு திரளும். தோல் இருக்கும்வரை செலுத்திய வடிவத்திலேயே நிற்கும். 2009இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டிக்கியின் குழுவினர், இதைச் சிலிக்கோன் இறப்பருக்குள் அடைத்து, இழுத்தால் மீடிறன் மாறி, விட்டால் பழைய நிலைக்கு மீளும் அன்டெனாவைச் செய்தனர்.

கடத்துதிறன் செப்பினதில் பதினேழில் ஒரு பங்கே என்பது முதலில் பெருங்குறையாகத் தெரிந்தது. எனினும் உயர் மீடிறன் மின்னோட்டம் பரப்பையொட்டியே, 1 கிகாஹேர்ட்ஸில் 9 மைக்குரோமீற்றருக்குட்பட்ட ஆழத்தில், பாய்வதால் தடை நான்கு மடங்கே கூடுகிறது.

சனவரி 12

இழுத்து நீட்டுவதோ பம்பியால் தள்ளுவதோ, நான் கட்ட எண்ணும், கூரையில் மழையிலும் பனியிலும் கவனிப்பாரற்று நிற்க வேண்டிய கருவிக்கு ஒவ்வாது என்பது என் கருத்து. அதே பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட முறையில் பம்பியே இல்லை. நுண்குழாயில் உலோகத்தோடு மின்பகு கரைசலும் இருக்கும். சிறிய வோல்ற்றளவைக் கொடுத்தால் ஒட்சைட்டு படிந்து பரப்பிழுவிசை வீழ, உலோகம் குழாய்க்குள் ஏறுகிறது. வோல்ற்றளவின் திசையை மாற்றினால் ஒட்சைட்டு நீங்கி, உலோகம் பின்வாங்குகிறது. இவ்வாறு 0.66 முதல் 3.4 கிகாஹேர்ட்ஸ் வரை தொடர்ச்சியாக இசைவாக்கியுள்ளனர். அளந்த கதிர்வீச்சு வினைத்திறன் 41 முதல் 70 சதவீதம். எனக்கு நெருடுவது அந்தக் கரைசல்தான். தானும் மின்னைக் கடத்துவதால் அது அலையின் சக்தியை வெப்பமாக்கி வீணாக்கும். மேலும், திரவம் நகர்வதற்குரிய நேரம் எடுக்குமாதலால், நொடிக்குப் பலமுறை மாற வேண்டிய வேலையை இருவாயிகளிடமே விட்டுவிட வேண்டும்.

சனவரி 15

நேற்றுப் பொங்கல்; எதையும் வாசிக்கவில்லை. இன்று அதிகாலை யன்னலோர வெப்பமானி 9 பாகை செல்சியஸ் காட்டியது. கலப்புலோகத்தின் உருகுநிலை ஏறத்தாழ 15.5 பாகை, ஆயினும் குப்பியைச் சரித்தபோது உலோகம் ஓடியது. கல்லியக் கலப்புலோகங்கள் உருகுநிலைக்குக் கீழும் திரவமாகவே நீடிக்கக்கூடியவை. ஆனால் ஒரு திண்மத் துணுக்கு பட்டாலே உறையத் தொடங்கும் என்பதால், அந்தத் தயவை நம்பிக் கருவியைக் கூரையில் ஏற்ற முடியாது. கட்டுரைகள் சொல்லும் அறை வெப்பநிலை எங்கள் அறைகளின் வெப்பநிலை அன்று. வெள்ளீயமும் சேர்ந்த கலின்ஸ்தானுக்கு வணிகக் குறிப்புகள் −19 பாகை என்கின்றன. அளந்து பார்த்த உருகுநிலையோ 11 பாகையை அண்மித்தது. தை மாத இரவுகளுக்கு அதுவும் போதாது.

சனவரி 19

ஆகவே கலின்ஸ்தான், கண்ணாடி நுண்குழாய், சிறு வெப்பமூட்டி, பிளாஸ்ரிக் பெட்டி எனத் தீர்மானித்துள்ளேன். கல்லியம் அலுமினியத்துக்குள் ஊடுருவி அதை நொறுங்கச் செய்யும் என்பதால் அலுமினியப் பெட்டி கூடாது. முதலில் 900க்கும் 1800க்கும் இடையே மட்டும் மாறும் ஒன்றைக் கட்டி, வெப்பமூட்டி ஓரிரவில் உண்ணும் சக்தியைச் சிறியதொரு சூரியப்படலம் ஈடுசெய்யுமா என்று அளக்க வேண்டும்.