யாழ்ப்பாணத்தை விட்டுவிடலாம்

தலைப்பில் இருப்பது நான் சொன்ன வசனம். 2024 மார்ச்சில், சூம் கூட்டமொன்றில், ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லி முடித்ததும் எக்செல் தாளில் அந்த வரிசைக்குச் சாம்பல் நிறம் அடித்தேன். பத்து விநாடி வேலை. அப்புறம் தேத்தண்ணி போட எழுந்து போனேன் என்பது வரை நினைவிருக்கிறது.

மழையையும் வெப்பத்தையும் வைத்து நோய் எங்கே கூடும் என்று முன்கூட்டிச் சொல்வது எங்கள் திட்டம். அது எப்படிப்பட்டது என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகக் குழு, கொழும்பில் ஒரு குழு, யாழ்ப்பாணத்தில் தரவு பார்க்க நான். டெங்குதான் முக்கியம். எலிக்காய்ச்சல் இரண்டாவது, நிதி கொடுத்தவர்கள் கேட்டதால் சேர்த்தது. வாராந்த தொற்றுநோயியல் அறிக்கையில் 26 சுகாதாரப் பிரிவுகளுக்கு எண்ணிக்கை வரும். எலிக்காய்ச்சலுக்கு அதில் எவற்றை எடுப்பது, எவற்றை விடுவது என்பதுதான் அன்றைய பேச்சு. இரத்தினபுரி, களுத்துறை, கம்பஹா, கேகாலை பற்றிக் கேள்வியே இல்லை. 2008 பெருந்தொற்றில் நாடு முழுக்க ஏழாயிரத்துக்கு மேல் நோயாளர்கள். அந்தப் பக்கங்களில் வருடா வருடம் எண் வந்துகொண்டே இருக்கும். யாழ்ப்பாண வரிசையில் பெரும்பாலும் பூச்சியம். இடையிடையே ஒன்று, இரண்டு.

குழுத் தலைவி கேட்டார்: "யாழ்ப்பாணத்தை வைத்திருப்போமா? நீங்கள் அந்த ஊர்க்காரர். என்ன நினைக்கிறீர்கள்?"

"எண்ணிக்கை போதாது. யாழ்ப்பாணத்தை விட்டுவிடலாம்."

"நீங்கள் சொன்னால் சரி."

அவ்வளவுதான் உரையாடல். இதில் பிழை எங்கே என்று யாரும் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பூச்சியங்களால் நிரம்பிய ஒரு வரிசையில் இருந்து எந்தக் கணினி மாதிரியும் (model) எதையும் கற்றுக்கொள்ளாது. கற்றுக்கொண்டதாகக் காட்டினால் அது பொய். அந்தத் தீர்மானத்தை ஒரு மாணவன் எடுத்திருந்தால் நான் பாராட்டியிருப்பேன். ஆனால் அவர் கேட்டது ஊர்க்காரனிடம். பதில் சொன்னது எக்செல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தவன். ஊர்க்காரனாக ஒரு நிமிடம் யோசித்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? மாரியில் எங்கள் வயல்களில் முழங்கால் தண்ணி நிற்கும், எலி இருக்கும், வெறுங்காலோடு இறங்குவார்கள் என்று சொல்லியிருப்பேனா? தெரியாது. சொல்லியிருந்தாலும் வரிசையில் பூச்சியம்தானே.

நவம்பர் நடுப்பகுதியில் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போனேன். எந்தப் பிரிவு என்பது வேண்டாம். மாதாந்த டெங்குத் தாளைக் கொடுக்கப் போனது. 2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் யாழ்ப்பாணத்தில் டெங்கு கடுமையாக அடித்திருந்தது; வைத்தியசாலை விடுதிகள் நிரம்பியது எல்லோர் மனதிலும் இருந்தது. ஆகவே அந்த நவம்பரில் எல்லோருக்கும் ஒரே ஒரு கேள்வி. அங்கே இருந்த மூத்த பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஒருவரும் அதைத்தான் முதலில் கேட்டார்.

"தம்பி, உங்கட கொம்பியூட்டர் டெங்குக்கு என்ன சொல்லுது?"

"மஞ்சள் ஐயா. போன முறை மாதிரி இராது போல."

"மற்றக் காய்ச்சலுகளுக்கு?"

"மற்றதுகளுக்கு இஞ்ச நாங்கள் செய்யேல்லை ஐயா. கேஸ் இல்லைத்தானே."

"ஓம், பதிவு இல்லைத்தான்" என்றார்.

நான் கேஸ் இல்லை என்றேன். அவர் பதிவு இல்லை என்றார். அந்த நேரம் இரண்டும் ஒன்றாகவே காதில் விழுந்தது. அவர் என்னைத் திருத்தினாரா, இல்லை அலுவலக வழக்கத்தில் வந்த சொல்லா என்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு மூன்று நான்கு தடவை அவரைச் சந்தித்திருக்கிறேன். கேட்கவில்லை. கேட்டால் "சும்மா சொன்னது தம்பி" என்று சொல்லிவிடுவாரோ என்று ஒரு பயம். அப்படிச் சொன்னால் எனக்கு நிம்மதி வரவேண்டும். ஆனால் பயமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் கடைசி வாரம் மழை. பின்னர் ஃபெங்கல் என்று பெயர் வைக்கப்பட்ட அந்தத் தாழமுக்கம். எங்கள் பருவகால முன்னறிவிப்பு ஐரோப்பிய வானிலை நிலையத்தின் 51 கணினி ஓட்டங்களில் இருந்து வருவது. மூன்று மாத மழை கூடுமா குறையுமா என்று ஒரு சாய்வைக் காட்டும். ஒரு வாரத்துக்குள் உருவாகி வரும் தாழமுக்கத்தை அது ஒரு மாதம் முன்கூட்டியே காட்டாது. அதையும் நான் என் பக்கத்து நியாயமாக எழுதி வைத்திருக்கிறேன்.

வெள்ளம் வந்ததும் நான் டெங்குக் கணக்கில் இருந்தேன். இதுதான் எனக்கு இப்போது கூடுதலாக உறுத்துவது. டெங்குக்கு மழையில் இருந்து நோயாளர் வரை ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது. முட்டை பொரித்துக் குடம்பி நுளம்பாக ஏழு முதல் பத்து நாள், நுளம்பின் உடலில் வைரசு முதிர இன்னொரு எட்டுப் பன்னிரண்டு நாள், மனித உடலில் நாலு முதல் பத்து நாள். அப்புறம் அது ஒன்றிரண்டு சுற்று பெருகவேண்டும். பெருமழை என்றால் முதலில் குடம்பிகளை அடித்துக்கொண்டு போகும். தண்ணீர் வடிந்து தேங்கிய பிறகுதான் பிரச்சினை. எனவே வெள்ளத்தைப் பார்த்ததும் "ஜனவரியைக் கவனிக்கவேண்டும்" என்று குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். நல்ல மின்னஞ்சல். எல்லோரும் நன்றி சொன்னார்கள்.

எலிக்காய்ச்சலுக்கு அந்தச் சங்கிலி இல்லை. கிருமி எலியின் சிறுநீரகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. வெள்ளம் அதைத் தண்ணீரில் கலக்கும், காலில் ஒரு கீறல் போதும், பெரும்பாலும் ஏழு பத்து நாளில் காய்ச்சல். நான் ஜனவரிக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தபோது இங்கே வடமராட்சிப் பக்கம் ஆட்கள் வைத்தியசாலைக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். முதலில் இனந்தெரியாத காய்ச்சல் என்றார்கள். டிசம்பர் நடுப்பகுதிக்குள் எலிக்காய்ச்சல் என்று உறுதியாயிற்று. அதற்குள் ஏழு பேர் இறந்திருந்தார்கள்.

அந்த நாட்களில் எங்கள் திட்ட வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். எலிக்காய்ச்சல் பக்கம். தென்மேற்கில் பச்சையும் மஞ்சளும். வடக்கு முழுக்கச் சாம்பல். கீழே சின்ன எழுத்தில் "சாம்பல்: ஆய்வில் இல்லை" என்று விளக்கம் இருக்கிறது, அதை எழுதியதே நான்தான். ஆனால் வரைபடத்தை யார் அப்படிப் பார்ப்பார்கள்? சிவப்பு இல்லை என்றால் ஆபத்து இல்லை என்றுதான் கண் எடுத்துக்கொள்ளும். என் கண்ணும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது.

ஜனவரியில் ஓர் இரவு, யாருக்கும் சொல்லாமல், யாழ்ப்பாண வரிசையைத் திரும்பச் சேர்த்து மாதிரியை ஓடவிட்டேன். 2023 வரையான தரவில் பழக்கி, 2024 டிசம்பருக்கு என்ன சொல்கிறது என்று பார்க்க. ஏறக்குறைய பூச்சியம் என்றது. நான் மார்ச்சில் வேறு பதில் சொல்லியிருந்தாலும் முடிவு இதுவேதான். கதிரையில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டேன். ஒரு மணி நேரம் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம், மாதிரி பிழையாகச் சொல்லியிருக்கும் என்பதை நிரூபித்துவிட்டு ஏன் நிம்மதியடைகிறேன் என்று ஒரு கேள்வி வந்தது. நித்திரை போய்விட்டது.

அந்தப் பூச்சியத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். இங்கே காய்ச்சல் என்று போனால் முதலில் டெங்குக்குத்தான் இரத்தம் எடுப்பார்கள். அது சரியும்கூட. டெங்கு இல்லை என்றால், சாதாரண வைரசுக் காய்ச்சல் என்று பரசிற்றமோல் கொடுத்து அனுப்பப்படும் ஆட்களில் எத்தனை பேருக்கு எலிக்காய்ச்சல் பரிசோதனை நடக்கும்? சந்தேகம் வந்தால்தான் தேடுவார்கள், தேடினால்தான் பதிவு வரும். பதிவு இல்லாததால் சந்தேகமும் வராது. தாளில் "இல்லை" என்பதற்கும் "பார்க்கவில்லை" என்பதற்கும் ஒரே எழுத்துத்தான். போர்க்காலத்து வடக்கு வரிசைகள் வெறுமையாக இருக்கும்போது நாங்கள் கவனமாக இருந்தோம். அவற்றைத் தவிர்த்து 2010க்குப் பிறகு மட்டும் எடுத்தோம். வெறுமையைக் கண்டால் சந்தேகப்படுகிற நாங்கள் பூச்சியத்தைக் கண்டால் நம்பிவிடுகிறோம்.

காலநிலைப் பக்கமும் பெரிய திறம் இல்லை. நாங்கள் பாவிக்கும் வெப்பத் தரவில் ஒரு கட்டம் ஏறக்குறைய 31 கிலோமீற்றர். குடாநாடு நாலைந்து கட்டத்துக்குள் அடங்கிவிடும், அதிலும் நிறையக் கடல். எந்த வயலில் தண்ணி நிற்கிறது என்று அதைக் கேட்பது வீண்.

இந்தத் துறைக் கூட்டங்களில் ஒரு வெற்றிக் கதை எப்போதும் காட்டப்படும். 2006 கடைசியில், கடல் வெப்பத்தையும் செய்மதியில் தெரிந்த பசுமையையும் வைத்துக் கிழக்கு ஆபிரிக்காவில், நுளம்பால் பரவிக் கால்நடைகளையும் மனிதரையும் தாக்கும் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் வரும் என்று நாசா விஞ்ஞானிகள் அடங்கிய குழு முன்கூட்டிச் சொன்னது. டிசம்பரில் கென்யாவின் கரிசாவில் மனிதர்களில் நோய் உறுதியானது. சொன்ன இடம், சொன்ன காலம். ஆனாலும் கென்யாவில் மட்டும் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கால்நடைகளுக்கான தடுப்பூசி வேலை நோய் பரவிய பிறகுதான் வேகமெடுத்தது. எங்கள் கூட்டம் ஒன்றிலும் இதை நானே எடுத்துச் சொன்னேன், சரியான முன்னறிவிப்பே தாமதமாகும்போது இல்லாத முன்னறிவிப்பு என்ன செய்திருக்கும் என்ற தொனியில். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. பிறகு ஏன் அதைச் சொன்னேன்?

ஏனென்றால் இந்த நோய்க்குச் செய்யக்கூடிய ஒன்று இருந்தது. வயலில் இறங்குகிறவர்களுக்கு நோய் வராமல் தடுக்க வாரம் ஒரு தடவை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் மருந்து. தென்பகுதியில் எலிக்காய்ச்சல் கூடிய இடங்களில் பி.எச்.ஐ.மார் விவசாயிகளுக்குக் கொடுப்பது தெரிந்த வழக்கம். இங்கேயும் டிசம்பரில் கொடுத்தார்கள், காய்ச்சல் வந்த பிறகு. நவம்பர் கடைசியில் மழையைப் பார்த்துக் கொடுத்திருக்கலாம். அதற்கு ஐரோப்பாவும் வேண்டாம், செய்மதியும் வேண்டாம், வெள்ளமும் வயலும் போதும். இப்படி எழுதும்போது என் தொழிலையே தேவையில்லை என்கிறேனோ என்று தோன்றுகிறது. அப்படிச் சொல்ல வரவில்லை. அந்த வரிசை திரையில் இருந்திருந்தால், பூச்சியம் என்று காட்டிக்கொண்டாவது இருந்திருந்தால், வெள்ளத்தன்று குழுவில் யாராவது ஒருவர் "இது என்ன?" என்று கேட்டிருப்பார்களோ என்பதுதான். கேட்டிருக்கமாட்டார்கள் என்றும் படுகிறது.

நவம்பர் 27 அன்று மாமா வயலுக்குப் போய் வரம்பு வெட்டித் தண்ணி விட்டார். நான் வீட்டில் இருந்தேன். "கவனம் மாமா, வழுக்கும்" என்று மட்டும் சொன்னேன். அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. இதில் கதை எதுவும் இல்லை.

பிப்ரவரியில் தலைவியிடமிருந்து மின்னஞ்சல். இப்போது யாழ்ப்பாணத்தைச் சேர்க்கலாம்தானே என்று. சேர்த்தேன். இப்போது மாதிரி ஒரே ஒரு பெரிய வருடத்தைத் தெரிந்து வைத்திருக்கிறது. நவம்பரில் எந்தப் பெருமழையைக் கொடுத்தாலும் யாழ்ப்பாணம் சிவப்பாகிறது. 2024ஐ எடுத்துவிட்டு ஓடவிட்டால் சிவப்பு காணாமல் போகிறது. புள்ளிவிபரப்படி இது 2024 மார்ச்சில் இருந்ததைவிட மோசமான மாதிரி. ஆய்வுக் கட்டுரைக்குப் பரிசீலனை செய்பவர் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார். ஆனால் அதை நீக்க எனக்குக் கை வரவில்லை. தலைவிக்கு விடயம் தெரியும்; "உள்ளூர் அறிவு" என்று ஒரு வரி எழுதிச் சமாளிப்போம் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

போன வாரம் கொழும்புக் குழு புதிய பட்டியல் அனுப்பியிருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார். மூன்றிலும் எலிக்காய்ச்சல் எண்ணிக்கை குறைவு. வைப்பதா விடுவதா, உங்கள் பரிந்துரை என்ன என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று பெயருக்கும் முன்னால் ஒரு வெற்றுக் கட்டம். இரண்டு தடவை திறந்து மூடிவிட்டேன். நேற்று நினைவூட்டல் வந்தது.