மண்டைக்குள் ஓடும் ஆடியோ

பிறர் பேச்சைக் கேட்டுத் தட்டச்சு செய்வதுதான் என் பிழைப்பு. நேர்காணல், கூட்டம், கருத்தரங்கு, விசாரணை, எது வந்தாலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். காலடியில் ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், இடது ஓரத்தை அழுத்தினால் இரண்டு நொடி பின்னால் போகும். ஒலி தெளிவாக இருந்தாலே ஒரு மணி நேரப் பேச்சை எழுதி முடிக்க நாலு மணி நேரம் பிடிக்கும். நாலு பேர் ஒரே சமயத்தில் கத்தினால் கணக்கே கிடையாது. பதினாறு வருடமாக இதே வேலை. யார் யாருடைய பேச்சோ என் காது வழியாகப் போய் விரல் வழியாக இறங்கியிருக்கிறது.

சாயங்காலம் ஹெட்போனைக் கழற்றி வைத்ததும் ஆரம்பிக்கும் பாருங்கள், எனக்கே எனக்கான ஒரு ஆடியோ. அதற்குப் பெடல் கிடையாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அண்ணன் போனில், "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். என்னைவிட ஒன்றரை வயதுதான் பெரியவன். அம்மாவின் கண் ஆபரேஷன் தேதி மாறியதை அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன், தப்பு என் மேல்தான். ஆனால் அந்த "எப்பவுமே" இருக்கிறதே, அது உள்ளே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. பதினொரு நாள் அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், மண்டைக்குள்ளேயே. குளிக்கும்போது ஒரு பதில். துணி மடிக்கும்போது அதைவிடக் காரமாக ஒன்று. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் கிடைக்கும் பதில்களைக் கேட்டால் வக்கீல்கள் பிச்சை வாங்க வேண்டும்.

ஒரு நாள் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தேன். மகள் கதவருகே நின்று, "யாருகிட்டம்மா பேசுற?" என்றாள். உதடு அசைந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

சின்னப் பிள்ளைகள் தனியாக விளையாடும்போது உரக்கப் பேசிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். "இதை இங்க வைக்கணும், இல்ல இல்ல, அங்க." அந்தப் பேச்சுதான் வயது ஏற ஏறச் சத்தம் குறைந்து உள்ளே போய், நாம் மனதுக்குள் பேசும் பேச்சாக மாறுகிறது என்றார் ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி. என் விஷயத்தில் அது போன வழியே திரும்பி வந்துவிட்டது போல.

சரி, இதற்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது. கேட்டவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றே சொன்னார்கள்: "விட்டுத் தள்ளு, அதையே நினைக்காதே." குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடி என்று சொன்ன வைத்தியர் கதைதான். அந்தக் கதையை ஆய்வகத்தில் நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். 1987இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், குரங்குக்குப் பதிலாக வெள்ளைக் கரடியை வைத்தார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியை அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியம் அடுத்து நடந்தது. இப்போது தாராளமாக நினைக்கலாம் என்று சொன்னதும், முதலில் அடக்கி வைத்திருந்தவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. ஒன்றை நினைக்கிறோமா இல்லையா என்று பார்ப்பதற்கே மனதின் ஒரு ஓரம் அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது வெக்னரின் விளக்கம். காவலுக்கு நிறுத்தியவனே கதவைத் திறந்துவிடுகிற கதை.

அப்புறம் தியானம். ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியோடு வந்த நோயாளிகளை உட்காரவைத்துத் தொடங்கிய பயிற்சி இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது என்று படித்தேன். நானும் ஒரு செயலியை இறக்கிக்கொண்டேன். தேன் தடவிய குரல். "மெதுவாக... மூச்சை... கவனியுங்கள்..." தொழில் புத்தி எங்கே போகும்? மூச்சை விட்டுவிட்டு அந்தப் பெண் எத்தனை நொடி நிறுத்துகிறாள், எங்கே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்துவிட்டேன். இரண்டாவது நாளே நீக்கிவிட்டேன்.

குரல் இல்லாமல் உட்கார்ந்து பார்ப்போம் என்று ஒரு நாள் காலையில் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். ஒன்று முதல் பத்து வரை மூச்சை எண்ண வேண்டும், விட்டுப்போனால் மறுபடி ஒன்று. இதில் என்ன கஷ்டம் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது மூச்சில் அண்ணன் வந்தான். இன்னொரு தடவை நாலு. அடுத்த தடவை பதினேழு வரை போயிருந்தேன். பத்தில் நிறுத்த வேண்டும் என்பதே நினைவில்லை. எண்ணுகிறவள் ஒரு பக்கம் எண்ணிக்கொண்டிருக்க, நான் வேறெங்கோ போய் யாருக்கோ விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இதில் ஆறுதலான ஒரு செய்தி உண்டு. 2014இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். வெறும் அறையில் பதினைந்து நிமிடம் தனியாக உட்கார வேண்டும். கையில் வேறு எதுவும் இல்லை. அழுத்தினால் மின்அதிர்ச்சி தரும் பொத்தான் ஒன்று மட்டும். அந்த அதிர்ச்சி வேண்டாம், அதைத் தவிர்க்கக் காசுகூடக் கொடுப்போம் என்று முன்னமே சொன்னவர்கள்தான் உட்கார்ந்தவர்கள். அப்படியிருந்தும் 18 ஆண்களில் 12 பேர் பொத்தானை அழுத்தினார்கள். 24 பெண்களில் 6 பேர். சும்மா இருப்பது அவ்வளவு சுலபமில்லை.

திருப்பம் வந்தது ஒரு வேலையில்லாத மத்தியானம். ஃபைல் எதுவும் வரவில்லை. ஏதோ ஒரு வேகத்தில், பத்து நிமிடத்துக்கு டைமர் வைத்து, உள்ளே ஓடுவதை ஓடியபடியே தட்டச்சு செய்து பார்த்தேன். எங்கள் தொழிலில் இதற்கு வழக்கம் உண்டு. சிலர் பேச்சைச் சீர்படுத்திக் கேட்பார்கள், சிலருக்கு "ம்", "அதாவது வந்து" எல்லாம் விடாமல் அப்படியே வேண்டும். நான் அப்படியே எழுதினேன். அதிலிருந்து கொஞ்சம்:

"முதுகு வலிக்குது. நாளைக்குள்ள அந்த ஃபைல். இரண்டாவது ஆள் பேர் என்னன்னு கேக்கணும். எப்பவுமேன்னா எப்போ, ஒரு தடவை சொல்லு பாப்போம். போன வருஷம் நீ மட்டும். கேஸை அணைச்சேனா. அணைச்சேன். எப்பவுமேன்னா எப்போ. (தெளிவில்லை.) ஏதோ பாட்டு, பாதி வரி. இதை எழுதி என்ன பிரயோஜனம். முதுகு."

ஒன்றே கால் பக்கம் வந்தது. படித்துப் பார்த்தபோது முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கொஞ்சம் வெட்கமாக இருந்தது. "எப்பவுமேன்னா எப்போ" மட்டும் ஒன்பது தடவை. புதிதாக ஒரு யோசனை, ஒரே ஒன்று, தேடினாலும் இல்லை. இதை யாராவது ஆடியோவாக அனுப்பியிருந்தால், "ஃபைல் பழுதாகியிருக்கிறது, ஒரே இடம் திரும்பத் திரும்ப ஓடுகிறது, சரிபார்த்து அனுப்புங்கள்" என்று மெயில் போட்டிருப்பேன். இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தப் பக்கத்தில் அண்ணன் பேசுவதாக நாலு வரி இருந்தது. அந்த நாலையும் அவன் சொல்லவில்லை. அவனுக்கு வசனம் எழுதியது நான், பதில் எழுதியதும் நான், கோபப்பட்டு ரத்த அழுத்தம் ஏறியதும் எனக்குத்தான். அவன் பாட்டுக்கு எங்கேயோ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்திருப்பான்.

வேலையில் எத்தனையோ சண்டைகளைக் கேட்டிருக்கிறேன். கணவனும் மனைவியும் மாறி மாறிக் குற்றம் சொல்வது, ஒருவர் பொய் சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமுவது, அழுகையை அடக்கிக்கொண்டு "இல்லைங்க, சொல்றேன்" என்பது. ஒன்றுக்காவது நான் பதில் சொன்னதுண்டா? கேட்பேன், எழுதுவேன், அடுத்த வரிக்குப் போவேன். மனது இளகும்தான். ஆனாலும் ஆடியோவோடு வாக்குவாதம் செய்யத் தோன்றியதே இல்லை. அதே காதைத்தான் உள்ளே திருப்ப வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு உட்காரும்போது ஒரு சின்ன வேலை செய்கிறேன். பேச்சு வந்தால் ஒரு ஓரக்குறிப்பு போடுவேன். அண்ணனோடு சண்டை என்றால் "வழக்கு". நாளைக்கு வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்றால் "ஒத்திகை". செய்ய மறந்தவை என்றால் "பட்டியல்". குறிப்புப் போட்டுவிட்டு மூச்சுக்குத் திரும்புவேன். பர்மாவின் பௌத்தத் துறவி மகாசி சயாடோ வழியில் வந்த தியானத்தில், எழும் ஒவ்வொன்றுக்கும் இப்படிப் பெயர் சொல்லிக் குறித்துக்கொள்வதே முறையான பயிற்சி என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. நானாகக் கண்டுபிடித்ததாக இரண்டு மாதம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"பட்டியல்" மட்டும் குறிப்போடு போவதில்லை, அதில் நியாயமும் இருக்கிறது. பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொண்டேன். எழுதிவிட்டால் அது தன் பாட்டுக்கு அடங்கிவிடும். புலம்பல் எல்லாமே வெட்டிப் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது.

ஒரு விரலை மணிக்கட்டில் வைத்துக்கொண்டு மூச்சை மெதுவாக விட்டுப் பாருங்கள். நாடி கொஞ்சம் தாமதமாகத் தட்டுவது தெரியும். இழுக்கும்போது லேசாக வேகம் பிடிக்கும். இதயத்துடிப்பு மூச்சோடு இப்படி ஏறி இறங்குவது உடம்பின் இயல்பு. எனக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம், இதை நம்ப வேண்டிய அவசியமே இல்லை, விரல் நுனியில் இருக்கிறது. "வழக்கு" சூடாக ஓடும் நாட்களில் எண்ணிக்கையை விட்டுவிட்டு இதைத்தான் பிடித்துக்கொள்வேன்.

மனம் வெறுமையாகிவிட்டது, ஒரு எண்ணமும் இல்லை என்று சொல்பவர்களை இன்னும் நான் முழுசாக நம்புவதில்லை. எனக்குக் கிடைத்தது வேறு. ஒலிப்பதிவு செய்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்ததும், எல்லோரையும் அசையாமல் இருக்கச் சொல்லி, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ வெறும் அறையைப் பதிவு செய்வார்கள். யாரும் பேசாத அறைக்கும் ஒரு ஒலி இருக்கிறது. விசிறியின் முனகல், எங்கோ தூரத்து வண்டி, சுவரில் பட்டுத் திரும்பும் என்னவோ ஒன்று. ஒவ்வொரு அறைக்கும் அது வேறு மாதிரி. அந்த ஒரு நிமிடம் வந்தால் நான் எழுத வேண்டியது எதுவும் இருக்காது, அதனால் ஆரம்ப காலத்தில் ஓட்டித் தள்ளிவிடுவேன். பிற்பாடுதான் கவனித்தேன்: அந்த ஒலி கடைசியில் வருவதில்லை. பேச்சு நடந்த ஒன்றரை மணி நேரமும் அடியில் அது இருந்துகொண்டேதான் இருந்தது. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில், ஒருவர் யோசிக்கும் இடைவெளியில், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில்கூட. காதுதான் பேச்சின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது.

இப்படி உட்கார ஆரம்பித்து நாலு மாதம் இருக்கும். ஒரு நாள் "வழக்கு" என்று குறித்தேன். அது போனது, அடுத்தது வருவதற்குக் கொஞ்சம் தாமதமானது. மூன்று நொடி, மிஞ்சிப்போனால் நாலு. அந்த இடைவெளியில் மூக்கு நுனியில் காற்று, முழங்காலில் லேசான வலி, பக்கத்து அறையில் மகள் பென்சில் சீவும் சத்தம். அவ்வளவுதான். ஆனந்தம் எல்லாம் பொங்கவில்லை. ஆளில்லாத அறையின் ஒலி எனக்குள்ளும் இருக்கிறது என்று தெரிந்தது. அடுத்த நொடியே, "ஆஹா, இதுதானா அது!" என்று ஒரு குரல் உள்ளே வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. அதற்கு இன்னும் குறிப்புச் சொல் கண்டுபிடிக்கவில்லை. "விமர்சகர்" என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன்.

2010இல் ஹார்வர்டில் 2,250 பேரிடம், நாளின் ஏதோ ஒரு நேரத்தில் போன் வழியே "இப்போது என்ன செய்கிறீர்கள், என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்று கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 46.9 சதவீத நேரம் மனம் கைவேலையில் இல்லை. இனிமையான எதையோ நினைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட, செய்கிற வேலையிலேயே இருந்தவர்களைவிடச் சந்தோஷமாக இல்லை. இதைப் படித்ததிலிருந்து மகள் பாதிக் கவனத்தில் "ம்" கொட்டினால் நான் கோபித்துக்கொள்வதில்லை. சரி, குறைவாகக் கோபித்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கண்ணை மூடி உட்கார்ந்தால் எல்லோருக்கும் அண்ணன் மாதிரி சின்ன வழக்குதான் வரும் என்றில்லை. என் தோழி ஒருத்திக்குப் பழைய பயங்கரம் ஒன்று திரும்ப வந்து, மூச்சு முட்டி, பாதியில் எழுந்துவிட்டாள். அவள் இப்போது கண்ணைத் திறந்துகொண்டே நடக்கிறாள், பாதம் தரையில் படுவதைக் கவனித்தபடி. கூடவே ஒரு மனநல ஆலோசகரையும் பார்க்கிறாள். அவளிடம் போய் "விடாமல் உட்காரு, சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

போன மாதம் அண்ணன் கூப்பிட்டான். அம்மாவின் மருந்துச் சீட்டை நான் படம் எடுத்து அனுப்பவில்லை. மறந்துவிட்டேன், உண்மைதான். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்றான். அதே வரி, அதே ஏற்ற இறக்கம். டைம்கோடு போட்டு ஒட்டியது போல. பதில் தொண்டை வரை வந்தது. வந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மூச்சு போனது. போனில் அவன் இருந்த அறையின் ஒலி கேட்டது, ஒரு விசிறி, எங்கோ டிவி.

"இருக்கியா?" என்றான்.

"இருக்கேன். இதோ அனுப்புறேன்."

"ம்" என்றான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு, உனக்குக் கண் எப்படி இருக்கிறது, நாள் முழுக்கக் கணினி முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாயே, ஒரு தடவை காட்டிக்கொள் என்றான்.

போனை வைத்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. "எப்பவுமேன்னா எப்போ?" என்று உள்ளே ஆரம்பித்துவிட்டது. மறுநாள் காலையில் எண்ணிக்கை நாலைத் தாண்டவில்லை.