கிராஞ்சி, காஞ்சனபுரி: ஒரு வேலூர் மாணவியின் நாட்குறிப்பு

பிப்ரவரி 12, 2025, வேலூர்

கல்லூரி முடிந்ததும் சார் எங்களை லாங் பஜாருக்கு அழைத்துப் போனார். மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது. காய்கறி மூட்டைக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் இடம் பிடித்து நின்று படித்தோம். 1914-ல் தொடங்கிய போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. எண்ணிக்கை மட்டும்தான். பெயர் ஒன்றுகூட இல்லை.

நாங்கள் சிங்கப்பூருக்கும் தாய்லாந்துக்கும் போவது அதற்கு அடுத்த போரில் மாண்டவர்களைப் பார்க்க. செலவில் பெரும்பகுதி முன்னாள் ராணுவத்தினர் சேர்த்துக் கொடுத்தது. கம்மவான்பேட்டையை எங்கள் பக்கம் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு வீடு ஒரு மிலிட்டரிக்காரராவது இருப்பார். குழுவில் பாதிப் பேர் அங்கிருந்துதான். நான் எஸ்டேட் கூலியின் கொள்ளுப்பேத்தி. "இது மிலிட்டரி குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு ஏற்பாடு பண்ணது" என்று ஒரு பெரியவர் இழுத்தார். "அவரையும் அதே சண்டைதானே ஐயா தின்னுச்சு" என்றார் சார். அப்புறம் யாரும் பேசவில்லை.

பிப்ரவரி 13, கணியம்பாடி

ஆயாவிடம் சொல்லிக்கொள்ள வந்தேன். ஆயா கைக்குழந்தையாக இருந்தபோது, 1937-ல், அவளுடைய அப்பா மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். அடுத்த வருடமே அங்கே கூலிகளை அனுப்ப இந்திய அரசு தடை போட்டது. அவர் முந்திக்கொண்டார். சண்டை முடிந்து அதே தோட்டத்திலிருந்து திரும்பிய ஒருவர்தான், "ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் போட இட்டுகினு போனான்" என்று வந்து சொன்னாராம். வீட்டுக்கு வந்த தகவல் அவ்வளவுதான். காகிதம் எதுவும் வரவில்லை. அவர் பெயரை என் சித்தப்பாவுக்கு வைத்திருக்கிறார்கள்.

ஆயா ஒரு கட்டு குடியாத்தம் பீடியை என் கையில் திணித்தாள். "எங்கப்பாவுக்கு பீடின்னா உசுராம். எங்கம்மா சொல்லிகினே இருப்பா. எங்கியாவது வெச்சிட்டு வா." சாருக்குப் போன் செய்தேன். சிங்கப்பூருக்குள் ஒரு பீடி கொண்டுபோனாலும் கணக்குக் காட்டி வரி கட்ட வேண்டுமாம். ஆயாவுக்கு வந்ததே கோபம். "செத்தவனுக்கு ஒரு பீடி வெக்கறதுக்குக்கூட வரியா? இன்னா ஊருடி அது!"

பிப்ரவரி 15, சிங்கப்பூர்

1942-ல் இதே நாளில்தான் பிரிட்டிஷ் படை இங்கே சரணடைந்தது. சிவப்பு வழி ரயிலில் கிராஞ்சி வரை போய், அங்கிருந்து போர்க் கல்லறைக்கு நடந்தோம். நல்ல வெயில், ஆனால் நம் ஊர் வெயில் இல்லை. வியர்வை காயவே மாட்டேன் என்கிறது.

புல் சரிவில் வரிசை வரிசையாக வெள்ளைக் கல்லறைகள். மேட்டின் உச்சியில் விமானத்தின் இறக்கை போல ஒரு கூரை, அதைத் தாங்கும் தூண்களில் பெயர்கள். உடல் கிடைக்காத 24,000-க்கும் மேற்பட்டவர்களுடைய பெயர்கள் அங்கே படைப்பிரிவு வாரியாக வெட்டப்பட்டிருக்கின்றன. மெட்ராஸ் சாப்பர்ஸ் பகுதியைத் தேடிப் பிடித்தோம். பெங்களூருவில் இருக்கும் அந்தப் படையில் சிப்பாய்களை இன்றும் "தம்பி" என்றுதான் அழைப்பார்கள்.

கம்மவான்பேட்டைத் தோழி தன் கொள்ளுத்தாத்தா பெயரைக் கண்டதும் அழுவாள் என்று நினைத்தோம். அவள் மண்டி போட்டு உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டாள். வெள்ளைத் தாளைக் கல்லின் மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்த்தாள். சாரிடம் கல்வெட்டுப் படி எடுக்கக் கற்ற கை. சுற்றிலும் கறுப்பாக, நடுவில் எழுத்து ஒவ்வொன்றாக வெள்ளையாக ஏறி வந்தது. கடைசி எழுத்து வருவதற்குள் முனை உடைந்துபோனது. என் பென்சிலைக் கொடுத்தேன்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவன், இன்ன ஊர், வட ஆற்காடு என்று இருக்கிறது. மாவட்டத்தைப் பிரித்துப் பிரித்து அந்தப் பெயரையே நாம் தொலைத்துவிட்டோம். இங்கே பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

பின்பக்கம் எரியூட்டப்பட்டவர்களுக்குத் தனி நினைவுச் சின்னம். ஏறக்குறைய 800 பேர், பெரும்பாலும் இந்தியப் படையினர். அங்கே பூ வைத்தோம்.

பிப்ரவரி 16, சிங்கப்பூர்

ஃபாரர் பார்க். சரணடைந்த இரண்டாம் நாள் இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியே பிரித்து இங்கே நிறுத்தினார்கள். 40,000 பேருக்கு மேல். இந்திய தேசிய ராணுவம் முளைத்தது அங்கிருந்துதான். சேர்ந்தவர்களும் உண்டு, மறுத்துச் சிறையில் செத்தவர்களும் உண்டு. எங்கள் குழுவில் இரண்டு தரப்புப் பேரன்களும் இருக்கிறார்கள். மதியச் சாப்பாடு வரை சண்டை, அப்புறம் தேக்கா மார்க்கெட்டில் ஒரே தட்டில் பிரியாணி.

பிப்ரவரி 18, காஞ்சனபுரி, தாய்லாந்து

நேற்று முழுக்க விமானம், வேன், தூக்கம்.

சயாமிலிருந்து, அதாவது இந்தத் தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு ஜப்பான்காரர்கள் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையை 1943 அக்டோபருக்குள் முடித்தார்கள். போர்க்கைதிகளில் 12,000-க்கும் அதிகமானோர் செத்தார்கள். ஆசியக் கூலிகளில் செத்தவர்கள் 90,000 இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் எல்லோரும் அதில் அடக்கம். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொல்லித் தோட்டங்களிலிருந்து ஏற்றினார்கள். ஓசிப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டு போனதும் நடந்திருக்கிறது. மழைக்காலத்தில் காலரா வந்தது. போர்க்கைதிகளோடு அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். கூலிகளோடு யார் இருந்தார்கள்?

ஊர் நடுவே போர்க் கல்லறை. ஏறக்குறைய 7,000 பேர், பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு பலகை, பக்கத்தில் ஒரு பூச்செடி. புல்லை அன்றன்றைக்கு வெட்டுகிறார்கள் போல. எனக்குப் பொறாமையாக இருந்தது. செத்தவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவது என்ன குணமோ.

அங்கிருந்து தாவோர்ன் வராராம் புத்த கோயில். தமிழ்க் கூலிகளுக்காகத் தமிழர்கள் நட்ட நடுகல் இங்கேதான் இருக்கிறது. சாருக்கு நடுகல் என்றால் போதும். செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லைப் போன வருடம் எங்களுக்குக் காட்டினார். மாடு மீட்கப் போய்ச் செத்த வீரனோடு அவனுடைய நாயும் அதில் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியிருக்கிறது. ஆயிரத்து நானூறு வருடமாக ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரியும். என் கொள்ளுத்தாத்தா எந்த முகாமில், எந்த மாதம் செத்தார் என்று தெரியாது.

சித்தப்பாவின் பெயரை அந்தக் கல் முன்னால் ஒருமுறை சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சொல்லட்டும் என்று சார் கை காட்டினார்.

அந்த ரயில் பாதையின் பாலம் பார்த்தோம். வளைந்த இரும்புக் கண்கள் பழையவை. நேராக இருக்கும் இரண்டும் குண்டு விழுந்து போனபின் வைத்தவை. நிறைய செல்ஃபி.

பிப்ரவரி 21, கணியம்பாடி

ஆயா முதலில் கேட்டது, "கல்லுல பேரு கீதா?"

"இல்ல ஆயா. எல்லாருக்கும் சேத்து ஒரே கல்லு."

"பேரு தெரியாமயா நட்டாங்க? வந்து கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பனே."

அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள். அவள் அம்மா சாகும் வரை சாயங்காலமானால் வாசலில் உட்கார்ந்து கங்காணியைத் திட்டுவாளாம். திட்டும்போது அவன் யார் யாரைக் கப்பலேற்றினான் என்று தெரு வாரியாக ஒவ்வொருவரையும் சொல்லித் திட்டுவாள். கேட்டுக் கேட்டு ஆயாவுக்கு அது பாடம். போனில் பதிவு செய்துகொண்டேன். மேலத்தெருவில் ஆறு பேர், ஏரிக்கரையில் அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரு வண்ணார் வீடு, கண்ணமங்கலத்திலிருந்து மூன்று பேர். சிலருக்கு அப்பன் பெயரும் தெரிகிறது.

சாருக்கு அனுப்பினேன். கிராஞ்சிப் பதிவேட்டில் இருந்த மாதிரியே பெயர், அப்பா, ஊர் என்று எழுதச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கம்மவான்பேட்டைத் தோழியும் வருகிறாள். முதலில் மேலத்தெரு, முடிந்தால் கண்ணமங்கலம்.

ஆயா இன்னொரு வீட்டையும் காட்டினாள். "அந்தக் கங்காணி பேரன் வூடு அதோ, பச்சை கேட்டு. திட்டாத, நல்லபடியா கேளு. முன்பணம் குடுத்த நோட்டு அவங்கிட்டதான் இருக்கும்."