பதிவேட்டில் பனைமரம்

கோத்தகிரிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு என்பதே, என்னை அதில் சேர்த்திருப்பதாகச் செயலர் சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி எல்லா உள்ளாட்சிகளிலும் இந்தக் குழு இருக்க வேண்டும். ஊரில் உள்ள பயிர், மரம், மூலிகை, கால்நடை, நீர்நிலை, அவற்றைப் பற்றி மக்களுக்குத் தெரிந்தவை எல்லாவற்றையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதி வைப்பது அதன் முக்கிய வேலை.

முதல் கூட்டத்திலேயே பதிவேடு தயாராக மேசை மேல் இருந்தது! எழுதித் தர யாரிடமோ ஒப்படைத்திருந்தார்கள். புரட்டினால் பனைமரம் இருக்கிறது, விரால் மீன் இருக்கிறது. ஆறாயிரம் அடிக்கு மேல் பனைமரம். எந்தச் சமவெளி ஊரின் பட்டியலோ, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட மாட்டோம் என்று முதலில் சொன்னது குழுவில் இருந்த அக்காக்கள்தான். சரி, நாமே எழுதுவோம் என்று படிவங்களைப் பிரித்துக்கொண்டோம்.

பறவை, பழமரம் எல்லாம் சுலபமாக முடிந்தன. சண்டை சீகை மரத்தில் (வாட்டில் மரம்) வந்தது. வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்டது, புல்வெளியை விழுங்கியது, களையில் எழுது என்றார் ஒருவர். அடுப்புக்கு விறகு அதுதானே, பயன்மரத்தில் எழுது என்றார் இன்னொருவர். கடைசியில் இரண்டு இடத்திலும் எழுதினோம். எனக்கு அதில் வருத்தமில்லை, இரண்டுமே உண்மை.

கீரைகளுக்கு ஹட்டியின், அதாவது படுகர் குடியிருப்பின், வயதான பெண்களைத்தான் கேட்டோம். படுக மொழியில் பெயர்களை அடுக்கிக்கொண்டே போனார்கள். நடுவில் ஒரு பாட்டி, "கீரை இருக்கு தம்பி, கேரட்டுக்கு மருந்து அடிக்கிற காட்டுல யார் பறிச்சுத் தின்பாங்க?" என்றார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. குறிப்பு என்ற இடத்தில் அவர் சொன்னபடியே எழுதினேன்.

சரிவுக்குக் கீழே இருளர் குடியிருப்பில் மருந்து தெரிந்த தாத்தா ஒருவர் எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தார். அப்புறம் சொன்னார்: "பேரை எழுதிக்கோ. எங்க இருக்குன்னு எழுதாதே. எழுதினா அடுத்த மழைக்குள்ள வேரோட போயிடும்." வணிகத்துக்காக எடுப்பவர்களிடம் கட்டணம் வசூலிக்கக் குழுவுக்குச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் ராத்திரியில் சாக்கோடு வருகிறவன் ரசீது வாங்கவா வருவான்? தாத்தா சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. எந்த மூலிகைக்கும் இடம் எழுதவில்லை. எதற்கு, எப்படிக் கொடுப்பது என்பதையும் அவர் அனுமதித்த அளவுக்கே எழுதினோம். அந்தப் பக்கங்களைக் குழுவின் சம்மதம் இல்லாமல் யாருக்கும் நகல் எடுத்துத் தருவதில்லை என்று தீர்மானமும் போட்டோம். இதே வேலையில் இறங்குகிறவர்கள் முதல் கூட்டத்திலேயே இதைப் பேசி முடித்துவிடுவது நல்லது. எழுதிய பிறகு அழிப்பது கஷ்டம்.

நீர்நிலைப் படிவத்தில் மிஞ்சியது ஊருக்குக் கீழே உள்ள சதுப்பு. கோடையிலும் ஓடையில் தண்ணீர் வருவது அதனால்தான். தோடர்கள் கோயில் கூரைக்குத் தேடும் புல் இப்படிப்பட்ட சதுப்புகளில் வளர்வதுதான். நீலகிரியில் பல சதுப்புகளை வாய்க்கால் வெட்டி வடித்துத் தேயிலையும் காய்கறியும் போட்டுவிட்டார்கள். எங்கள் சதுப்பின் ஓரத்திலும் ஒரு வார்டு உறுப்பினரின் கேரட் பாத்தி இருக்கிறது. மதுரை அரிட்டாபட்டியை 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது போல இதற்கும் கேட்கலாம் என்று ஒரு பையன் சொன்னதும் அந்த உறுப்பினர் முகம் மாறியது. அதை அறிவிப்பது மாநில அரசு, நாம் உள்ளாட்சி சார்பில் பரிந்துரைக்கத்தான் முடியும். பதிவேட்டில் ஏறியதால் மட்டும் நிலத்துக்குப் பாதுகாப்பு வந்துவிடாது என்று எடுத்துச் சொன்னோம். பாத்தி இருக்கும் ஓரத்தை விட்டு, ஈரம் நிற்கும் பகுதியை மட்டும் எழுதுவதாக இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். எழுதினோம், போட்டார். பரிந்துரை அடுத்த கிராம சபைக்கு வருகிறது. பாத்திப் பேச்சை அங்கே மறுபடி எடுப்பேன் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.